மூளைப் படத்தின் இடமும் வலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில் அச்சிட்டிருந்த மூளைப் படத்தின் கீழே 'பேசும்போது ஒளிரும் இடது மூளை' என்று எழுதியிருந்தீர்கள். ஆரஞ்சுத் திட்டு படத்தின் இடப்பக்கம்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தின் இடது ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற அளவில், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து ஒன்றும் இருந்தது. அதற்கு வலது என்று பொருள். மருத்துவப் படங்களில் குறுக்குவெட்டு என்பது படுத்திருப்பவரின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோல் அமைக்கப்படுவது. அவருடைய வலப்பக்கம் நம் இடப்பக்கத்தில் விழும். ஆய்வுக்கூடங்கள் சில இதற்கு நேர்மாறாகவும் வைத்துக்கொள்வதால்தான் அந்த ஒற்றை எழுத்தை ஓரத்தில் போட்டு வைப்பது வழக்கம். ஆக, நீங்கள் இடது மூளை என்று அச்சிட்டது வலது மூளை. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்து வேலை. படம் வேறு ஏதோ ஆய்வினுடையதாக இருக்க வேண்டும், அல்லது பக்கம் அமைத்தவர் அழகு கருதி அதைப் புரட்டியிருக்க வேண்டும். இரண்டாவதென்றால் அந்த எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும், திரும்பவில்லை.

இதைக் கவனித்தது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, பழக்கதோஷம். 28 ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். டாக்டர் அல்ல, படம் எடுப்பவள். பையில் சாவி இருக்கிறதா, உடம்புக்குள் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று விசாரிப்பது, காதை அடைக்கப் பஞ்சு கொடுப்பது, தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற காயிலைப் பொருத்துவது, அவசரத்துக்கு அழுத்த ரப்பர் பந்து ஒன்றைக் கையில் வைப்பது, 'அசையாமல் படுங்கள், பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவது. இவைதான் என் தொழில். இடம் வலம் மாறினால் அறுவை மருத்துவர் தவறான பக்கத்தைத் திறந்துவிடக்கூடும் என்று முதல் நாளே பயமுறுத்தி வைத்தார்கள். அந்தப் பயம் ஓய்வுபெற்ற பின்னும் போகவில்லை.

திருத்தம் சொல்ல மட்டும் இவ்வளவு எழுதவில்லை. அந்தப் படத்தோடு வந்த கட்டுரையின் தலைப்பு 'எண்ணங்களைப் படிக்கும் இயந்திரம்'. வெளியான அன்று காலையிலேயே என் அண்ணன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்தை, மனத்தில் நினைப்பதை இனி ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாமே? நீங்கள் இத்தனை வருடம் எடுத்தீர்களே, எங்கள் வீட்டு ஆட்கள் நினைத்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்குமா?" பாதி விளையாட்டு, பாதி நிஜமான கவலை. அந்தப் பாதிக் கவலையை உண்டாக்கியது உங்கள் தலைப்பு.

அந்த ஆய்வு நிஜம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஜெரி டாங், அலெக்சாண்டர் ஹுத் ஆகியோர் 2023இல் வெளியிட்டது. நல்ல ஆய்வும்கூட. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் கேட்கிற கதையின் சாரத்தை, மூளையின் ரத்த ஓட்ட மாற்றங்களிலிருந்து கணினி ஓரளவு ஊகித்து எழுதுகிறது. 'எனக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒருவர் கேட்ட வாக்கியத்துக்கு, 'அவள் இன்னும் வண்டி ஓட்டப் பழகவே ஆரம்பிக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. வியப்புதான். ஆனால் அந்த நிலைக்கு வர மூன்று பேர், ஆளுக்குப் 16 மணி நேரம், காதில் கதை கேட்டபடி அசையாமல் படுத்திருந்தார்கள். ஒருவருடைய மூளையில் பழக்கிய கணினி இன்னொருவருடைய மூளையைப் படிக்க முயன்றபோது உளறியது. படுத்திருப்பவர் மனத்துக்குள் எண்களை எண்ணினாலோ, விலங்குகளின் பெயர்களை அடுக்கினாலோ, தனக்குள் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டாலோ அதன் கதை முடிந்தது. இவை அனைத்தையும் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் மூன்று பேர் என்பதும் இல்லை, 16 மணி நேரம் என்பதும் இல்லை. விருப்பமில்லாத ஒருவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைப்பது எவ்வளவு பாடு என்பதை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த ஆரஞ்சு நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசகர்கள் அதை ஒளி என்று நினைக்கிறார்கள். மூளையின் உள்ளே விளக்கு எரிவதுபோலவும் நாம் அதைப் படம் பிடிப்பதுபோலவும் ஒரு நினைப்பு. ஸ்கேனரிலிருந்து வருவது சாம்பல் நிறப் படம் மட்டுமே. 1990இல் செய்ஜி ஒகாவா கண்டுபிடித்துச் சொன்னது இது: ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினாலோ குறைந்தாலோ அங்கிருந்து வரும் காந்தச் சமிக்ஞையும் மாறும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகிறது. எண்ணமோ அதற்குள் பத்து இடம் போய்வந்துவிடும். சமிக்ஞையில் ஏற்படும் மாற்றமும் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பலமுறை திரும்பத் திரும்ப அளந்து, பல பேரிடம் அளந்து, சராசரி எடுத்து, மூளைப் படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, 'இந்தக் கட்டத்தில் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு' என்று தோன்றும் இடத்தில் கணினி பூசுகிற வண்ணம்தான் அந்த ஆரஞ்சு. பச்சை பூசச் சொன்னால் பச்சை பூசும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை ஒருநாள் நேரில் பார்த்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, விரல் தட்டும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, மாலையில் மற்ற வேலைகள் முடிந்தபின் தன்னார்வலர்களைக் கூட்டிவருவாள். ஆளைப் படுக்கவைத்து ஸ்கேன் ஓட்டுவது நான். அன்று வந்த பையன் உற்சாகமானவன். 'தட்டு' என்று திரையில் வந்தால் நான்கு விரல்களும் மேளம் வாசித்தன. கணக்கு முடிந்து படம் வந்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மூளையின் ஓரம் முழுக்க வட்டமாக ஆரஞ்சு. மோதிரம் மாட்டியதுபோல் இருந்தது. "இவ்வளவு தெளிவாக யாருக்கும் வந்ததே இல்லை அக்கா" என்றாள். அவளுடைய பேராசிரியர் வந்து ஒரு பார்வை பார்த்தார். "பையன் விரலைத் தட்டும்போதெல்லாம் தலையையும் சேர்த்து ஆட்டியிருக்கிறான். இது மூளை வேலை செய்த படம் இல்லையம்மா, மண்டை ஆடிய படம்" என்றார். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது அந்த ஆட்டம். மூளையின் விளிம்பில் ஒரு பக்கம் வெளிச்சக் கட்டம், அடுத்தது இருட்டுக் கட்டம். தலை கொஞ்சம் நகர்ந்தால் கட்டத்தின் மதிப்பு தலைகீழாகிவிடும். அதுவும் 'தட்டு' என்ற நேரத்தோடு சரியாகப் பொருந்திவிட்டால் கணக்குக்கு எது மூளை, எது ஆட்டம் என்று தெரியாது. அந்த மாணவி அழவில்லை, கோபிக்கவும் இல்லை. மறுநாள் தலைக்கு இரண்டு பக்கமும் வைக்க மென்பஞ்சுத் துண்டுகளை வெட்டி எடுத்து வந்தாள். அந்தப் பஞ்சுகளை அவள் போன பிறகும் பல ஆண்டுகள் நான் வைத்திருந்தேன்.

இதைவிடக் கேலிக்கூத்தான சான்று ஒன்று உலகப் புகழ் பெற்றது. கிரேக் பென்னட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் படுக்கவைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆயிரமாயிரம் கட்டங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டபோது, மீனின் மூளையிலும் வண்ணத் திட்டு வந்தது. திருத்தத்தோடு போட்டால் ஒன்றுமில்லை. 2012இல் இதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம் இல்லை என்று 2020இல் தெரிந்தது. 108 பேரின் ஒரே ஸ்கேன் தரவுகளை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, அதே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. முடிவுகளும் பல இடங்களில் ஒத்துவரவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொரு அடி. மூளைப் பட ஆய்வுகளில் பாதி, சுமார் 25 பேரையோ அதற்கும் குறைவானவர்களையோ வைத்துத்தான் நடக்கின்றன. மூளைக்கும் ஒருவருடைய குணத்துக்கோ அறிவுக்கோ தொடர்பு தேடும்போது நம்பகமான விடை வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்றது நேச்சர் இதழில் வந்த கட்டுரை. அதனால்தான் பல லட்சம் பேரின் உடல்நலத் தரவுகளைச் சேர்த்துவரும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2025 நடுவில் ஒரு லட்சமாவது தன்னார்வலரை ஸ்கேன் எடுத்து முடித்தது எனக்குப் பெரிய செய்தி. உங்கள் பக்கத்தில் அதைத் தேடினேன், காணவில்லை. அதில் ஆரஞ்சுப் படம் இல்லை, காரணம் அதுவாக இருக்கலாம்.

மனத்தைப் படிப்பது என்று தலைப்புப் போட ஆசையிருந்தால், அதற்குத் தகுதியான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று நீட்டி எழுதப் போகிறேன். இடமில்லையென்றால் மேலே உள்ள மீனை வெட்டிவிடுங்கள்.

2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் செய்தார்கள். ஐந்து மாதங்களாகக் கண் திறந்திருக்கும். ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார், விரலை அசை என்றால் அசைக்கமாட்டார். உணர்வற்ற நிலை என்றுதான் மருத்துவர்கள் தீர்மானித்திருந்தார்கள். டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்று அவரிடம் சொன்னபோது, உடல் அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. உங்கள் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றபோது, இடங்களை நினைவில் வைக்கும் பகுதி வேலை செய்தது. நலமான ஆட்களிடம் வந்த அதே மாதிரி. 2010இல் அதே குழுவினர் இன்னொரு நோயாளியிடம், 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று சொல்லிக் கேள்வி கேட்டார்கள், பதில்கள் வந்தன.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் நரம்பியல் மருத்துவர். ஒரு மதிய வேளையில், அடுத்த நோயாளிக்குக் காத்திருந்தபோது சொன்னார். எனக்குக் கேட்கக் கேட்க வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால், 'பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள்' என்று எல்லாரிடமும் சொல்லும் நான், ஸ்ட்ரெச்சரில் நினைவில்லாமல் கொண்டுவரப்படுகிறவர்களிடம் அதைச் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் எதற்கு என்று நாக்கு தானாக நின்றுவிட்டது. அவர்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டு இரவு ட்யூட்டி யாருக்கு என்று பேசியிருக்கிறேன். 'இது தேறாது' என்று வார்டு பையன் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கிறேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, சுத்தியலால் இரும்பை அடிப்பது போன்ற சத்தத்தில் அவர்களை அரை மணி நேரம் தனியாக விட்டிருக்கிறேன்.

அன்று முதல் எல்லாரிடமும் சொன்னேன். குழாய் தொண்டையில் இருப்பவரிடமும், கண் மூடியே இருப்பவரிடமும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது ஸ்கேன் அறை, இன்ன நேரம், இவ்வளவு நிமிடம் ஆகும், உங்கள் வீட்டார் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் கேட்டான்: "மேடம், அவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே கேட்கும்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

2024 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதில் வந்தது. பல நாடுகளில் ஆறு மையங்களில் 353 பேரைச் சோதித்த ஆய்வு. படுக்கையருகில் எந்தக் கட்டளைக்கும் பதில் தராதவர்கள் 241 பேர். எம்.ஆர்.ஐ. மூலமும் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. மூலமும் பார்த்தபோது, அவர்களில் 60 பேர் சொன்ன கட்டளையை மனத்துக்குள் செய்துகொண்டிருந்தார்கள். நான்கில் ஒருவர்! இன்னொரு பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டளைக்கு வெளிப்படையாகவே பதில் தருகிற 112 பேரை இதே சோதனைக்கு உட்படுத்தியபோது, நூற்றுக்கு 38 பேரைத்தான் அது பிடித்தது. அதாவது உணர்வு இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்களிலேயே பாதிக்கு மேல் சோதனையில் தவறிப்போகிறார்கள். சோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதால் உள்ளே ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் 'எண்ணங்களைப் படிக்கும் இயந்திரம்' இங்கே இருந்தது. இதை ஒரு வரிகூட நீங்கள் போடவில்லை என்பது என் மனத்தாங்கல்.

இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிரான்சில் பாரிசுக்குப் பக்கத்தில் நியூரோஸ்பின் ஆய்வகத்தில் இஸ்யூல் என்று பெயரிட்ட ஸ்கேனர் இருக்கிறது. காந்தம் மட்டும் 132 டன், உள்ளே 182 கிலோமீட்டர் கம்பி, 11.7 டெஸ்லா வலிமை (டெஸ்லா என்பது காந்த வலிமையை அளக்கும் அலகு). நான் வேலை பார்த்த கடைசி இயந்திரம் 3 டெஸ்லா. 2021இல் அதில் முதன்முதலாகப் படுக்கவைத்தது ஒரு பூசணிக்காயை. மனிதத் தலையை வைக்க அனுமதி கிடைத்து, முதல் மூளைப் படங்கள் வெளிவந்தது 2024இல். வெட்டுத் தளத்தில் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம் நான்கே நிமிடத்தில் வருகிறது. இந்தப் பூசணிக்காய் விஷயத்தை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எதிர்த் திசையில் நடந்ததை அவ்வளவாக எழுதவில்லை. சக்கரம் வைத்து, சாதாரண மின்செருகியில் மாட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போகக்கூடிய 0.064 டெஸ்லா ஸ்கேனர் ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அனுமதி கொடுத்தது. படம் மங்கலாகத்தான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் செயற்கை சுவாசத்தில் இருக்கும் ஒருவரை, நான்கு மருந்துக் குழாய்களோடு, லிஃப்டில் ஏற்றி இறக்கி, இரும்பு எதுவும் கூடவே வராமல் பார்த்து, என் அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அந்த நாற்பது நிமிடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள், மங்கலான படத்தையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பெரிய ரத்தக்கசிவு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு 0.2 மில்லிமீட்டர் தேவையில்லை.

மூளையின் காந்தப் புலத்தை நேரடியாக அளக்கும் எம்.இ.ஜி. கருவி பழையது, 1968லேயே டேவிட் கோஹன் அளந்துவிட்டார். ஆனால் அதன் உணரிகளைத் திரவ ஹீலியத்தில் மூழ்கவைக்க வேண்டியிருந்ததால், மலைபோன்ற கருவிக்குள் தலையை நுழைத்து அசையாமல் உட்கார வேண்டும். 2018இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் லண்டன் பல்கலைக் கல்லூரியும் குளிரூட்டல் வேண்டாத சின்ன உணரிகளை ஒரு தொப்பியில் பொருத்திக் காட்டின. தொப்பியோடு ஆட்கள் தலையாட்டினார்கள், கோப்பையை எடுத்துக் குடித்தார்கள், பந்து தட்டி விளையாடினார்கள். அளவீடு நடந்துகொண்டே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு விரல் மேளம் வாசித்த பையன் நினைவுக்கு வந்தான். என் தொழிலின் முதல் வாக்கியமான 'அசையாமல் படுங்கள்' தேவைப்படாத கருவி! குழந்தைகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது.

இனி, நரம்பு. இந்தச் சொல்லால் நீங்களும் நானும் எல்லாரும் படுகிற பாட்டைப் பற்றி ஆசிரியர் குழு ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும். ஊசி போட வரும் செவிலியர் 'நரம்பு கிடைக்கவில்லை' என்பார்; அவர் தேடுவது ரத்தக் குழாயை. உங்கள் பத்திரிகை 'மூளை நரம்பு வெடித்து மரணம்' என்று எழுதும். வெடித்தது ரத்தக் குழாய். 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரம் வரும். அது எதைக் குறிக்கிறது என்று விளம்பரம் கொடுத்தவருக்கே வெளிச்சம். இதற்கெல்லாம் நடுவில் உண்மையான நரம்பு, அதாவது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கைகால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் வெள்ளை இழை, பெயரிழந்து நிற்கிறது. கையில் சாயமருந்து ஏற்றி மூளை ஸ்கேன் எடுத்து முடித்தபின், "நரம்பில்தானே மருந்து போட்டீர்கள், அப்படியானால் நரம்பெல்லாம் படத்தில் வந்திருக்குமே, என் கால் நரம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அவர்கள் கேட்டதில் தவறில்லை. தமிழ் அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நரம்பைப் படத்தில் பிடிப்பது நெடுநாள் முடியாத காரியமாகவே இருந்தது. மெல்லியது, சுற்றிலும் கொழுப்பு, பக்கத்திலேயே அதே தடிமனில் ரத்தக் குழாய். 1990களின் தொடக்கத்தில் ஏரன் ஃபில்லரும் ஃப்ராங்க்ளின் ஹோவும் சேர்ந்து கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி, நரம்புக்குள் இருக்கும் நீரின் சமிக்ஞையை மட்டும் தூக்கிக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் டெனி ல பியான், பீட்டர் பாசர் போன்றவர்களின் வேலையால், நீர் எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்பதை அளந்து மூளைக்குள் இழைகள் போகும் வழியை வரைய முடிந்தது. இழையின் நீளவாக்கில் நீர் சுலபமாக ஓடும், குறுக்கே ஓடாது, அவ்வளவுதான் தத்துவம். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டு நூல்போல் மூளைப் படங்கள் வருகின்றனவே, அவை இந்த வகை. இடவலமாகப் போவது சிவப்பு, முன்பின்னாகப் போவது பச்சை, மேல்கீழாகப் போவது நீலம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் 2017இல் விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை வைத்து உலகத்துக் குழுக்களைச் சோதித்தபோது, இருக்கும் பாதைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்த அதே கணிப்புகள், இல்லாத பாதைகளை அவற்றைவிட அதிகமாக வரைந்திருந்தன. இரண்டு இழைக் கட்டுகள் ஒன்றையொன்று தாண்டிப் போகிறதா, தொட்டுத் திரும்புகிறதா என்பது நீரின் நகர்வை வைத்து மட்டும் சொல்ல முடியாத புதிர். இந்தப் படத்தையும் நீங்கள் 'மூளையின் வயரிங்' என்று ஒருமுறை போட்டீர்கள்.

என் சொந்த நரம்பை நான் பார்த்தது எம்.ஆர்.ஐ.யில் அல்ல. 28 ஆண்டுகள் மவுஸ் பிடித்த வலது கை, ஓய்வுபெற்ற பிறகு வேலையைக் காட்டத் தொடங்கியது. நடு இரவில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போய் எழுப்பிவிடும். எழுந்து கையை உதற வேண்டும். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்கும் நடுவே இருக்கும் குகைபோன்ற வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே நெருக்கடி கூடினால் கஷ்டப்படுவது நரம்பு. மருத்துவர் மணிக்கட்டில் பசையைத் தடவி, சிறிய அல்ட்ராசவுண்ட் முனையை வைத்தார். திரையில் தேனடையின் குறுக்குவெட்டு போல ஒரு சின்ன நீள்வட்டம்: கறுப்புப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வெள்ளை விளிம்பு. ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் ஓர் இழைக் கட்டு. "விரலை மடக்குங்கள்" என்றார். மடக்கினேன். தசைநாண்கள் ரயில் பெட்டிகள்போல ஓடின. நரம்பு கொஞ்சம் நகர்ந்து, இடம் போதாமல், ஒரு பக்கமாக ஒதுங்கியது. குகைக்குள் நுழையும் வாயிலில் வீங்கி, உள்ளே போனதும் தட்டையாகியிருந்தது. சுற்றளவை வரைந்து பரப்பைக் கணக்கிட்டார்: 15 சதுர மில்லிமீட்டர். பத்துக்குள் இருந்தால் நல்லது என்றார்.

ஆயுள் முழுக்க அசையாதே, அசையாதே என்று பிறரைக் கெஞ்சியவளுக்கு, அசைத்துப் பார்த்தால்தான் நோய் தெரியும் என்று ஒரு படம் காட்டியது வேடிக்கைதான். கண்டுபிடித்தது விலை உயர்ந்த இயந்திரமும் இல்லை; ஒரு மேசையில் அடங்கிவிடும்.

கேட்டுக்கொள்வது இவ்வளவே. மூளைப் படம் போடும்போது அதன் கீழே, எத்தனை பேரிடம் எடுத்தது, ஒருவருடைய படமா பலருடைய சராசரியா, எதோடு ஒப்பிட்டு வண்ணம் பூசினார்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஆய்வுக் கட்டுரையில் அது கட்டாயம் இருக்கும். தேட ஐந்து நிமிடம் போதும். ரத்தக் குழாயை ரத்தக் குழாய் என்றே எழுதுங்கள். செவிலியர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். பாதிப் பக்கத்துக்கு ஒருமுறை கையை உதற வேண்டியிருக்கிறது. இப்போது நடுவிரலும் மரத்துவிட்டதால் நிறுத்துகிறேன். இடம்வலத் திருத்தத்தை வரும் ஞாயிறே போட்டுவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர்